வீட்டுக் குப்பை எங்கே போவது?

நீங்கள் ஒரு சிறு நகரத்தின் நகராட்சி உறுப்பினர் என்று சற்றே எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றே முக்கால் இலட்சம். நேற்றுவரை காலைதோறும் குப்பையை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே போன லாரிகள் இன்று நகரவில்லை. குப்பைக் கிடங்கை ஒட்டி வாழும் கிராமத்து மக்கள் வழியை மறித்துவிட்டார்கள். சந்தையிலும் தெருமுனையிலும் குப்பை மேடாகிக்கொண்டே போகிறது. அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுந்து ஒரு யோசனை சொல்லியாக வேண்டும். என்ன சொல்வீர்கள்?

2012ஆம் ஆண்டில் கேரளத்தின் ஆலப்புழை நகரம் ஏறத்தாழ இந்த நிலையில்தான் நின்றது. அந்நகரின் குப்பை நெடுங்காலமாகச் சென்று சேர்ந்த இடம் பக்கத்து ஊராட்சியைச் சேர்ந்த சர்வோதயபுரம். எல்லோருக்கும் நலம் என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய ஊருக்கு நகரத்தின் அழுகல் முழுவதும் போய்ச் சேர்ந்ததை என்னவென்பது! நாற்றமும் ஈயும் கெட்டுப்போன கிணற்று நீரும் அவ்வூர் மக்களின் அன்றாட வாழ்க்கையாயின. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர்கள் ஒருநாள் லாரிகளைத் தடுத்தார்கள். அதே மாநிலத்தில், திருவனந்தபுரத்துக் குப்பைக்காக 2000இல் விளப்பில்சாலையில் அமைந்த ஆலையும் மக்கள் எதிர்ப்பால் 2011 டிசம்பரில் மூடப்பட்டிருந்தது. ஆகவே வேறொரு கிராமத்தைத் தேடிப் போவது என்ற வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

ஊருக்குள்ளேயே பள்ளம் தோண்டிப் புதைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆலப்புழையின் நில அமைப்பைப் பாருங்கள். மேற்கே கடல், கிழக்கே வேம்பநாட்டுக் காயல், இடையே ஒரு மணல் திட்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் இங்கே துறைமுகம் அமைத்தபோது, காயலையும் துறைமுகத்தையும் இணைக்கக் கால்வாய்கள் வெட்டினார். சற்றுத் தோண்டினாலே நீர் வந்துவிடும் மண் இது. இப்படிப்பட்ட மண்ணில் குப்பையைப் புதைப்பதும் குடிநீரில் கரைப்பதும் ஒன்றுதான்.

எஞ்சியவை மூன்று வழிகள். எரிக்கலாம், ஓரிடத்தில் சேர்த்து உரமாக்கலாம், அல்லது வீட்டிலேயே பிரித்து வாங்கலாம். மூன்றும் புதியனவல்ல. உலகின் வேறு நகரங்கள் நூறாண்டுகளுக்கு முன்பே மூன்றையும் முயன்று பார்த்திருக்கின்றன. அவர்கள் பட்ட பாட்டை அறிந்துகொண்டு பிறகு ஆலப்புழைக்குத் திரும்புவோம்.

எரிக்கும் வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனில் வீட்டுக் குப்பைக்குத் தூசி என்றே பெயர். அதை எடுப்பவர் தூசிக்காரர். காரணம், அந்நாளைய ஆங்கிலேயர் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி அடுப்பு நிலக்கரியின் சாம்பல். செங்கல் செய்வோர் அதை விலை கொடுத்து வாங்கினர். சாம்பலோடு பாதி எரிந்த கரித்துண்டுகளும் கலந்திருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குப்பையை எரிக்கலாமே என்று ஆல்பிரட் ஃபிரையர் என்பவர் 1874இல் ஓர் உலையை வடிவமைத்தார். நாட்டிங்ஹாம் நகரில் அது நிறுவப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘அழிப்பான்’! கரித்துண்டு கலந்த குப்பை ஆதலால் உலை எரிந்தது. பல ஆங்கில நகரங்கள் இதைப் பின்பற்றின.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்நகரத்தின் குப்பை சுற்றுப்புறக் கிராமங்களின் நிலங்களுக்குச் சென்றுகொண்டிருந்தது. 1892இல் நகரில் காலரா பரவி எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அஞ்சிய கிராமத்தார் நகரக் குப்பை எங்கள் எல்லைக்குள் வரக்கூடாது என்று மறுத்துவிட்டனர். சர்வோதயபுரத்தில் நிகழ்ந்தது, 120 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு நிகழ்ந்துவிட்டது. ஹாம்பர்க் ஆங்கிலேய முறையில் எரிஉலை கட்டியது. 1896இலிருந்து அது முறையாக இயங்கியது. அங்கும் வீட்டு அடுப்புகளில் எரிந்தது பெரும்பாலும் நல்ல நிலக்கரி. ஆனால் பெர்லின் இதையே முயன்றபோது வெற்றி கிட்டவில்லை. பெர்லின் வீடுகளில் பழுப்பு நிலக்கரிக் கட்டிகள் எரிக்கப்பட்டன. அவற்றின் சாம்பல் நன்றாக எரிந்து தீர்ந்த நொய்ய தூள். குப்பைத் தொட்டிக்குள் இருந்த இந்தச் சிறு வேறுபாடே ஒரு நகரத்துக்கு உலையைத் தந்தது, மற்றொன்றுக்கு மறுத்தது.

நம் நாட்டுக் குப்பைத் தொட்டியில் என்ன இருக்கிறது? காய்கறித் தோல், வாழையிலை, மீன் செதில், தேங்காய்ச் சக்கை, எஞ்சிய சோறு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ சமையலறைக் கழிவில் 700 கிராம் நீர் என்று கொள்வோம். இந்நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 49 கிலோ கலோரி வேண்டும். பிறகு ஆவியாக்க வேண்டும். ஒரு கிராம் நீருக்கு 540 கலோரி உள்ளுறை வெப்பம் என்று நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆக 378 கிலோ கலோரி. இரண்டையும் கூட்டினால் 427. எரிவதற்கு மிஞ்சியிருப்பது 300 கிராம் உலர்பொருள் மட்டுமே. அதிலும் மண்ணும் சாம்பலும் உண்டு. அது தரும் வெப்பத்தில் ஒரு பெரும் பங்கு, உடனிருக்கும் நீரைத் துரத்துவதிலேயே செலவாகிவிடுகிறது. மிச்சமுள்ள வெப்பம் உலையை வேண்டிய சூட்டில் வைத்திருக்கப் போதாது. குப்பை பிற எரிபொருளின் துணையின்றித் தானே நின்று எரியக் கிலோவுக்குச் சுமார் 1,500 கிலோ கலோரியாவது வேண்டும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் பொதுவான அளவு.

இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தில்லியின் திமார்பூர் ஆலை சான்று. டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்தில் 1987இல் அது கட்டப்பட்டது. நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம். கிலோவுக்கு 1,460 கிலோ கலோரிக்குக் குறையாத குப்பை வரும் என்று எதிர்பார்த்து உலை வடிவமைக்கப்பட்டது. வந்த குப்பையோ 600, 700 அளவிலேயே இருந்தது. சில வாரங்கள்கூடச் சரியாக ஓடாமல் 1990இல் ஆலை மூடப்பட்டது. டென்மார்க்கில் அந்த உலை நன்றாகவே எரிந்திருக்கும். உலையை வாங்கலாம், அந்நாட்டுக் குப்பையையும் சேர்த்து வாங்க முடியாதல்லவா?

மீனும் தேங்காயும் காய்கறியும் நிறைந்த, மழை மிகுந்த ஆலப்புழையில் இதே உலை வைத்தால் விளைவு என்னவாகும் என்பதை இனி நீங்களே சொல்லிவிடலாம்.

உரமாக்கும் வழி

ஈரமான குப்பைக்கு இயற்கையே ஒரு உலையை வைத்திருக்கிறது, நுண்ணுயிர்கள்தாம் அவ்வுலை. இத்துறையில் நம் நாட்டுக்குத் தனி இடம் உண்டு. ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர் 1924முதல் 1931வரை இந்தூரில் பணியாற்றி, இலைதழை, சாணம் முதலியவற்றை அடுக்கிக் காற்றுப்படக் கிளறி உரமாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். உலகெங்கும் அது இந்தூர் முறை என்றே பெயர் பெற்றது. பின்னர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. என். ஆச்சார்யா சிறு நகராட்சிகளை மனத்தில் கொண்டு வேறொரு முறையை 1939இல் வகுத்தார். அகழிகளில் நகரக் குப்பையை ஓர் அடுக்கும் மலக்கழிவை ஓர் அடுக்குமாகப் பரப்பி, மேலே மண்ணிட்டு மூடிவிடுவது. கிளற வேண்டியதில்லை. சில மாதங்களில் உரம் கிடைக்கும். பல நகராட்சிகள் இதைச் செய்து உரத்தை உழவர்க்கு விற்றன.

பிறகு ஏன் இது நிலைக்கவில்லை? 1970களின் பிற்பகுதியில் நம் பெருநகரங்கள் சிலவற்றில் பெரிய இயந்திர உர ஆலைகள் எழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை நெடுநாள் ஓடவில்லை. தெருவில் அள்ளிய குப்பை அப்படியே ஆலைக்குள் போனது. மணலும் கண்ணாடியும் இரும்பும், பிற்காலத்தில் பிளாஸ்டிக்கும் அதில் கலந்திருந்தன. கண்ணாடித் துண்டு கலந்த உரத்தை எந்த உழவர் தம் வயலில் இடுவார்? காலணி இன்றி வயலில் இறங்குகிற நாடு இது.

இங்கே இயற்பியல் ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கிண்ணம் ரவையையும் ஒரு கிண்ணம் சர்க்கரையையும் கலக்க ஒரு நொடி போதும். கலந்தபின் கையால் பிரித்துத் தருமாறு கேட்டுப் பாருங்கள்! பொருள்கள் தாமாகவே கலப்பை நோக்கிப் போகும். கலந்ததைப் பிரிக்க நாம் வேலை செய்தாக வேண்டும். கலப்பின் இந்த அளவையே என்ட்ரோபி என்று கூறுகிறோம். வாழைப்பழத் தோல் சமையலறையில் இருக்கும்போது தனிப்பொருள். நேற்றைய செய்தித்தாள் தனிப்பொருள். இரண்டையும் ஒரே வாளியில் போட்ட கணமே தோல் உரத்துக்கு உதவாததாகவும், தாள் பழைய காகிதக் கடைக்கு உதவாததாகவும் ஆகிவிடுகின்றன. நகராட்சி பின்னர் வாங்கும் பல கோடி ரூபாய் இயந்திரம், அந்த ஒரு கணத்தை எதிர்த்துத்தான் போராடுகிறது. அடுப்பங்கரையில் இரண்டு வாளி வைப்பதை விட மலிவான பிரிப்பு இயந்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதே என் கருத்து.

மூன்று தொட்டிகளின் வரலாறு

இக்கருத்து எத்தனை பழையது என்று நினைக்கிறீர்கள்? பாரீஸ் நகரை உள்ளடக்கிய சேன் மாவட்டத்தின் ஆட்சித் தலைவர் யூஜேன் புபேல் 1883 நவம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தார். வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் குடியிருப்போருக்கு மூடியுள்ள தொட்டிகள் வைக்க வேண்டும். அழுகும் பொருளுக்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகளுக்கு ஒன்று. 1884 ஜனவரியில் ஆணை நடைமுறைக்கு வந்தது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. வீட்டு உரிமையாளர்கள் செலவைக் கண்டு முணுமுணுத்தார்கள். அவர்களைவிட உரக்கக் குரலெழுப்பியவர்கள் கந்தல் பொறுக்குவோர். இரவில் தெருவில் குவியும் குப்பையைக் கிளறிக் கந்தலும் எலும்பும் தாளும் எடுத்துப் பிழைத்த ஆயிரக்கணக்கான ஏழைகள் அவர்கள். மூடிய தொட்டி காலையில் நேரே வண்டிக்குப் போனால் அவர்கள் வயிற்றுக்கு வழி? பத்திரிகைகள் அவர்கள் பக்கம் நின்றன. முடிவில், தொட்டியைத் துணிமேல் கவிழ்த்துத் தேடிவிட்டுத் திரும்பப் போட அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. தொட்டி நிலைத்தது, மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் நிலைக்கவில்லை. இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் பெயர் ‘புபேல்’தான். மனிதரின் பெயர் மொழியில் நின்றுவிட்டது; அவர் சொன்னது நின்றதா?

நியூயார்க்கில் 1895இல் தெருத் துப்புரவுத் துறைக்குத் தலைவரான கர்னல் ஜார்ஜ் வாரிங், உணவுக்கழிவு, சாம்பல், உலர்ந்த குப்பை என்று மூன்றாகப் பிரித்து வைக்குமாறு செய்தார். ஆட்சி மாறி 1898இல் அவர் விலகினார். அவரோடு அக்கண்டிப்பும் போயிற்று.

பெர்லினை அடுத்துத் தனி நகரமாக இருந்த சார்லோட்டன்பர்க் இன்னும் ஒழுங்காகச் செய்தது. 1907முதல் அங்கே வீடுதோறும் சாம்பலும் பெருக்கிய குப்பையும் தனி, உணவுக்கழிவு தனி, விற்கத்தக்க பொருள் தனி. உணவுக்கழிவு வேகவைத்துப் பன்றிகளுக்கு உணவாயிற்று. சுமார் பத்தாண்டுகள் நடந்த இம்முறை முதல் உலகப்போர்க் காலத்தில் நின்றுபோயிற்று.

மூன்று இடங்களிலும் அறிவியலில் குறையில்லை. பாரீசில் பிழைப்பு குறுக்கே வந்தது. நியூயார்க்கில் ஆளோடு திட்டம் போனது. சார்லோட்டன்பர்க்கில் போர் வந்தது. அன்றைய வண்டி போன பின்பு ஒவ்வொரு கதவருகிலும் நாள்தோறும் யார் நிற்பது என்பதே எங்கும் விடை காணாத கேள்வியாக இருந்தது.

ஆலப்புழை தேர்ந்தது

2012 நவம்பரில் ஆலப்புழை நகராட்சி ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அப்போது அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த பொருளியல் அறிஞர் தாமஸ் ஐசக் இதில் முன்னின்றார். 52 வார்டுகளில் முதலில் 12இல் மட்டும் தொடங்கினார்கள். எண்ணிக்கை சிறிதாக இருந்தது நல்லதே. தவறினால் பன்னிரண்டு வார்டுகளோடு போகும்.

முடிவின் சாரம் இதுதான்: மக்கும் குப்பையை நகராட்சி வீடுகளிலிருந்து எடுத்துச் செல்லாது. அது பிறந்த இடத்திலேயே மக்க வேண்டும். முதலில் கேட்பவருக்கு இது நகராட்சி கைவிரிப்பதைப் போலத் தோன்றும். நன்றாக எண்ணிப் பாருங்கள். மக்கும் குப்பையின் பெரும்பகுதி நீர் என்று மேலே கணக்கிட்டோம். குப்பை லாரி டீசலை எரித்துக்கொண்டு நாள்தோறும் சர்வோதயபுரத்துக்குச் சுமந்தது பெரும்பாலும் நீரையே அல்லவா?

இடமும் வசதியும் உள்ள வீடுகளுக்குச் சிறிய எரிவாயுக் கலங்களும், மற்றவர்களுக்குக் குழாய் உரக்கலமும் மானியத்தில் அளிக்கப்பட்டன. குழாய் உரக்கலம் மிக எளியது. அகலமான பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டு. ஒவ்வொன்றின் அடியையும் ஓரடி மண்ணில் ஊன்றி, மேலே மூடி போட வேண்டும். ஒன்று நிறையும்வரை அதில் இட்டுச் சாணக்கரைசல் தெளித்துவர வேண்டும். நிறைந்ததும் அதை மக்க விட்டு மற்றதில் தொடங்க வேண்டும். தோட்டமில்லாத வீட்டார்க்கும் குடித்தனக்காரர்க்கும், கால்வாய் ஓரத்திலும் தெருமுனையிலும் பொது உரப்பெட்டிகள் அமைந்தன. திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணையில் உருவான பெட்டி அது. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம்; பக்கங்களில் காற்று நுழைய இடைவெளி. சாணம், உலர்ந்த இலை, குப்பை என்று மாறிமாறி அடுக்கினால் சுமார் மூன்று மாதத்தில் உரம்.

ஏன் நான்கடி? வகுப்பில் மாணவர்களைக் கேட்டால் அளப்பதற்கு எளிது என்பார்கள். நுண்ணுயிர்கள் வெளியிடும் வெப்பம் பெட்டியின் கன அளவைப் பொறுத்தது; வெளியே இழக்கும் வெப்பம் பரப்பைப் பொறுத்தது. ஓரடிப் பெட்டியில் ஒரு கன அடிக்கு 6 சதுர அடிப் பரப்பு உண்டு. நான்கடிப் பெட்டியில் 64 கன அடிக்கு 96 சதுர அடி, அதாவது கன அடிக்கு ஒன்றரைதான். ஆகவே சூடு உள்ளே தங்கி வெப்பநிலை 60 டிகிரிக்கும் மேலே ஏறுகிறது. ஈ முட்டைகளும் நோய்க்கிருமிகளும் அதில் மடிகின்றன. பத்தடிப் பெட்டி செய்தால் சூடு இன்னும் தங்கும். ஆனால் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாது, நாற்றம் எழும். குழாய்க் கலமோ மெல்லியது. அதில் சூடு நிற்பதே இல்லை. அங்கே புழுக்களும் சிற்றுயிர்களும் மெதுவாக வேலையை முடிக்கின்றன. அதனால்தான் இடையில் ஓய்வு கொடுக்க இரண்டு குழாய்கள்.

மக்காதவற்றுக்கு மட்டும் நகராட்சி பொறுப்பேற்றது. பிளாஸ்டிக் போன்றவற்றைக் கழுவி உலர்த்தி வைத்தால், குறித்த நாளில் வந்து பெற்றுக்கொள்வார்கள். உலர்ந்த பொருள் அழுகாது. ஒரு மாதம் வீட்டில் இருந்தாலும் தொல்லையில்லை. தினமும் வர வேண்டிய வண்டி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

இம்முறையில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எரிவாயுக் கலத்தில் ஒருநாள் புளித்த பொருளை அளவுக்கு மேல் கொட்டினால் அமிலம் மிகுந்து வாயு நின்றுவிடும். பழுதுபார்க்க ஆள் வராவிட்டால் அது வெறும் நாற்றப் பீப்பாய். வீட்டிலேயே செய்யலாம் என்றால், வீட்டில் அதைச் செய்பவர் யார்? பெரும்பாலும் பெண்களே. நகராட்சியின் செலவுக் கணக்கில் குறைந்த உழைப்பு அவர்கள் கணக்கில் ஏறியிருக்கிறது. அந்தக் கணக்கை எழுதிப் பார்த்தவர் குறைவு. மேலும், இருபது மடங்கு மக்களும் அடுக்குமாடிகளும் உள்ள பெருநகருக்கு இதை அப்படியே நகலெடுத்துவிட முடியாது. ஆனால் பெருநகரத்தின் வழி மட்டும் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது? 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பை மலை தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது, பள்ளிகளை மூடினார்கள்.

2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம், குப்பையைச் சிறப்பாகக் கையாளும் நகரங்களாக ஐந்தை எடுத்துக்காட்டியது. ஸ்லோவேனியாவின் லூப்லியானா, கொலம்பியாவின் கஹிகா, மலேசியாவின் பினாங்கு, ஜப்பானின் ஒசாகா; ஐந்தாவது ஆலப்புழை. இவற்றில் ஒசாகா குப்பையைப் பெரிய உலைகளில் எரிக்கும் நகரம். அங்கே பாட்டிலும் டப்பாவும் முன்கூட்டியே தனியாகப் போய்விடுகின்றன. உலைக்கு வருவதில் காகிதமும் ஏனைய எரிபொருளும் மிகுதி. அங்குள்ள மைஷிமா எரிஉலைக்கு ஆஸ்திரிய ஓவியர் ஹுண்டர்ட்வாஸர் வண்ண வண்ணமாகப் புறத்தோற்றம் வரைந்து கொடுத்தார். அதைக் காணப் பயணிகள் வருகிறார்கள். ஆலப்புழைக்குச் சென்றால் அப்படிக் காட்டுவதற்குக் கட்டடம் ஒன்றும் இல்லை. கால்வாய்க்கரையில் கூரை போட்ட நான்கடிப் பெட்டிகளின் வரிசை இருக்கும். மேல் அடுக்குக்குள் கையை நுழைத்துப் பார்த்தால் சூடு தெரியும்.